நீலப்புள்ளிக் கைப்பிடி

ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனி ரப்பர் கைப்பிடிகள் செய்கிறது. ஸ்கூட்டர், பைக் ஹேண்டில்பாரில் உள்ளங்கைக்கு அடியில் மெத்தென்று இருக்குமே, அந்தக் கறுப்பு கிரிப். அச்சிலிருந்து சூடாக வெளியே வரும்போது அதன் ஓரத்தில் மெல்லிய பிசிறு தொங்கும். அதை பிளேடால் நறுக்கி எடுப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. இடது கையில் கிரிப், வலது கையில் பிளேடு. என் கை வழியாகப் போன கிரிப்புகளில் ஒன்றைக்கூட, வண்டி ஓட்டுகிறவர் பிடிப்பதுபோல நான் பிடித்துப் பார்த்ததில்லை. யாரும் பிடித்துப் பார்க்கச் சொன்னதும் இல்லை.

போன வருடம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வண்டி கிரிப்பை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் போதாது, விளையாட்டுச் சாமான்களுக்கும் கைப்பிடி செய்யலாம் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். பெங்களூரில் ஷட்டில் பேட் விற்கும் ஒரு கம்பெனி, மாதிரி செய்து காட்டச் சொல்லியிருந்தது.

ஷட்டில் பேட்டின் கைப்பிடி எட்டுப் பட்டை உள்ள மரம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதன்மேல் ஒரு நாடாவைச் சுற்றியிருப்பார்கள். வியர்வையில் அது ஊறிப் பிரிந்துவிடும், நாறும், மறுபடி சுற்ற வேண்டும். சுற்றத் தெரியாதவர்கள்தான் அதிகம். அதனால் காலுறைபோல ஒரே இழுப்பில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறை ஒன்றை இன்ஜினியர் மேடம் வரைந்திருந்தார். அதில் ஒவ்வொரு விரலும் உட்கார ஒரு பள்ளம். கட்டைவிரல் சாய்ந்துகொள்ள ஒரு சின்ன மேடு. புதிதாக விளையாட வருகிறவன் எடுத்தவுடனே சரியாகப் பிடித்துவிடுவான், தப்பாகப் பிடிக்கவே முடியாது என்று அவர் எங்களிடம் சொன்னார்.

பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து பேரை எங்களிலிருந்தே எடுத்தார். பெரிய கை, சின்னக் கை, குட்டை விரல், நீள விரல் என்று ஸ்கேல் வைத்து அளந்து எடுத்தார். பெண்களில் நடுவாந்தரக் கை என்று நான் சேர்ந்தேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், பேக்கிங் ஷெட்டில் ஒரு கயிறு கட்டி, இரண்டு இரண்டு பேராக அடிக்க வேண்டும். அடித்துவிட்டு ஒரு தாளில் மதிப்பெண் போட வேண்டும். உறைகளில் பெயர் இல்லை. நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று புள்ளி மட்டும் வைத்திருந்தார். விரல்பள்ளம் உள்ளது நீலப்புள்ளி. மற்றவை பள்ளம் இல்லாதவை.

நான் அதுவரை பேட்டைத் தொட்டதில்லை. முதல் நாள் காக், அதாவது அந்த இறகுப் பந்து, என் பேட்டில் படவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. தாளை நிரப்புவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிடிக்கும்போது எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தது. எப்படி இருக்கிறது என்றால் என்ன சொல்வது? கைப்பிடி கைப்பிடி மாதிரி இருந்தது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தெலுங்குக்கார அக்காவின் தாளை எட்டிப் பார்த்தேன். அவர் நீலத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். எல்லோருமே நீலத்துக்கு எட்டு, ஒன்பதுதான். எனக்கு மட்டும் அது கட்டைவிரலின் அடியில் குத்தியது. குத்தியது என்றும் சொல்ல முடியாது, தள்ளியது. யாரோ என் கையை நகரச் சொல்வதுபோல. நான் மூன்று போட்டேன்.

மேடம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்க குத்துதுன்னு தொட்டுக் காட்டுங்கக்கா."

தொட்டுக் காட்டப் போனால் அந்த இடம் அங்கே இல்லை. இன்னொரு தடவை பிடித்தபோது சுண்டுவிரல் பக்கம் தள்ளியது. மூன்றாம் தடவை ஒன்றுமே தெரியவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் அதைவிட மோசம். மேடம் தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, பச்சைப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் ஒன்றேதான் என்றார். ஒரே அச்சு, ஒரே கலவை, ஒரே நாளில் வந்தவை. சொல்கிறவர்கள் நிதானமாகச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தாராம். மற்றவர்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டிருந்தார்கள். நான் பச்சைக்கு எட்டும் மஞ்சளுக்கு நாலும் போட்டிருந்தேன். என்னை எடுத்துவிட்டு வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. தப்பாக வருகிறதுதான் தனக்கு வேண்டும் என்றார். அது எனக்குப் புரியவில்லை.

கையில் மை தடவியது அதற்கு அடுத்து. ரப்பர் ஸ்டாம்புக்கு வைக்கும் நீல மையை உள்ளங்கை முழுக்கத் தடவிவிட்டு, வெள்ளைத் தாள் சுற்றிய பேட்டைப் பிடிக்கச் சொன்னார். ஐந்து தடவை காற்றில் வீசிவிட்டு விட வேண்டும். பிறகு தாளைப் பிரித்தால் கை எங்கெங்கே அழுந்தியது என்று தெரியும். மற்ற ஒன்பது பேரின் தாளிலும் நான்கு விரலும் கட்டைவிரலும் தனித்தனியாக விழுந்திருந்தன. என் தாளில் விரலே இல்லை. ஈரச் சுவரில் கையைத் தேய்த்ததுபோல ஒரு இழுப்பு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கலங்கிக் கிடந்தது.

"புடிச்சப்புறம் கைய திருப்புதீங்களாக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மறுபடி பிடித்தேன். இந்த முறை கையை இறுக்கி, அசையவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். மறுபடியும் இழுப்புதான்.

கையைக் கழுவிவிட்டு வந்தால் ஈரம் காயவில்லை. காயும் வரை சும்மா இருப்பானேன் என்று அவர் என் இடது கையில் மை தடவினார். அந்தத் தாளைப் பிரித்தோம். ஐந்து விரலும் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தன. ரேகைகூடத் தெரிந்தது. பேட்டை அப்படியே இடது கையில் வைத்துக்கொண்டு பந்தை அடித்துப் பார்க்கச் சொன்னார். அடித்தேன். முதல் அடியே கயிற்றுக்கு மேலே போனது. அடுத்ததும் போனது. ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க இடதுகையா?"

"இல்லீங்க மேடம். சோத்தாங்கைதான்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று மாலை வீட்டுக்குப் போனதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பூட்டை எந்தக் கையால் திறக்கிறேன் என்று பார்த்தேன். வலது. விளக்குமாறு? அதைக் கையில் எடுத்தவுடனே தெரியாமல் போய்விட்டது. பார்க்காமல் இருந்தால் கை தானாகப் போகிறது, பார்த்தால் நின்றுவிடுகிறது. தோசையைத் திருப்பப் போய், கரண்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்ததில் தோசை கருகியது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாரே, நான் எந்தக் கைக்காரி என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர், கவனித்ததில்லை என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு என்னவோ போல இருந்தது.

அந்த வாரமே வேலையில் கையை வெட்டிக்கொண்டேன். பிசிறு நறுக்கும்போது திடீரென்று, பிளேடு இருக்க வேண்டிய கை இதுதானா என்று தோன்றியது. யாரும் பார்க்காதபோது பிளேடை இடது கைக்கு மாற்றினேன். முதல் இரண்டு கிரிப் நன்றாகத்தான் வந்தது. மூன்றாவதில் வலது கட்டைவிரலின் ஓரம் வெட்டுப்பட்டது. ஆழமில்லை. ஆனால் சூப்பர்வைசர் கட்டுப் போட்டுவிட்டுக்கொண்டே, வலது கையில் எப்படி வெட்டுப்பட்டது என்று கேட்டார். இத்தனை வருடத்தில் பிசிறு நறுக்குகிறவர் யாரும் பிளேடு பிடிக்கும் கையையே வெட்டிக்கொண்டதில்லை. கீழே விழுந்த பிளேடை எடுக்கப் போனேன் என்று பொய் சொன்னேன்.

விரல் ஆறும்வரை பேட் பிடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கக் கல்லாவி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். ஊத்தங்கரையிலிருந்து அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். எனக்கு மூன்று வயது மூத்தவள். அம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் உட்கார்ந்து உரித்தோம். விரலில் என்ன கட்டு என்று அம்மா கேட்டதும், நடந்ததையெல்லாம் சொன்னேன். சின்ன வயதில் நான் இடது கைக்காரியா என்று கேட்டேன்.

அம்மா இல்லவே இல்லை என்றாள். அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீ நொட்டாங்கையிலதான் சாப்ட்டுகினு இருந்த. அம்மா உன் கையில துணி சுத்தி உட்டுச்சி. எனக்கு நல்லா நெனப்பு இருக்குது."

"அது நீடி," என்றாள் அம்மா. "உனக்குத்தான் கட்னேன். இவளுக்கு ஒண்ணும் கட்டல."

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. வலது கையால்தான் சாப்பிடுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள், தையல் மெஷின் ஓட்டுகிறாள். தனக்குத் துணி கட்டியதாக அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. எனக்குக் கட்டியதுதான் நினைவிருக்கிறது. அம்மாவுக்கோ எனக்குக் கட்டிய நினைவே இல்லை.

எனக்கு அந்தத் துணி ஞாபகம் இருந்தது. அதுதான் ஆச்சரியம். அக்கா சொன்னவுடனே கண்ணில் வந்துவிட்டது. பழைய வேட்டியில் கிழித்த துண்டு, ஓரத்தில் பச்சைக் கரை, மணிக்கட்டில் இரண்டு முடிச்சு. ஆனால் அது என் கையில் கட்டியிருந்து நான் குனிந்து பார்த்ததா, எதிரே தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவின் கையில் பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் துணிதான் தெரிகிறது. கை யாருடையது என்று தெரியவில்லை. ஓசூர் பஸ்ஸில் நான் ஏறும்வரை அக்கா கூடவே நின்றாள். பஸ் கிளம்பும்போது, போய்விட்டு போன் பண்ணு என்றாள். எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு ஏதோ கேட்க நினைத்து அதைச் சொன்னதுபோல இருந்தது.

விரல் ஆறியதும் மேடம் என் பெயருக்கு எதிரே இடது கை என்று எழுதிக்கொண்டார். எனக்கு நீலப்புள்ளி ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இடது கைக்காரர்களுக்கென்று பள்ளங்களைத் திருப்பிப் போட்டு இன்னொரு அச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கான படத்தையும் வரைந்துவிட்டார். பெங்களூர் கம்பெனியின் ஆள் வரும்போது நான் இடது கையால் அடித்துக் காட்ட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

அந்த ஆள் வந்த அன்று எங்கள் கம்பெனி வேன் சானமாவு காட்டுக்கிட்டே நின்றுவிட்டது. யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஏற்கெனவே ஷெட்டில் இருந்தார்கள். பையை ஆணியில் மாட்டிவிட்டு ஓடினேன். யாரோ நீலப்புள்ளி பேட்டை நீட்டினார்கள், வாங்கினேன். காக் வந்தது, அடித்தேன். இடது பக்கம் வந்தது, அதையும் அடித்தேன். நாலைந்து அடி அடித்த பிறகுதான், பேட் வலது கையில் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே ஏதோ சொன்னார். நான் சட்டென்று கை மாற்றப் போனேன்.

பெங்களூர்க்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஐம்பது வயது இருக்கும். முன்பு விளையாடியவர், இப்போது கற்றுக்கொடுக்கிறவர் என்று சொல்லியிருந்தார்கள். தாய்மொழி கன்னடம். தமிழை நின்று நின்று பேசினார். அதே கையால் இன்னும் பத்து அடி அடிக்கச் சொன்னார். பக்கத்தில் வந்து என் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்திடம் சொன்னார்.

"இந்த அம்மா கை தானா திரும்புது, பாருங்க. முன்னாடி அடிக்க ஒரு பிடி. பின்கையில அடிக்க ஒரு பிடி. யாரும் சொல்லிக் குடுக்கலை. உங்க பள்ளம் அதைத் தடுக்குது."

ஷட்டில் ஆடுகிறவர்கள் பேட்டை ஒரே மாதிரி பிடிக்கக் கூடாதாம். காக் எந்தப் பக்கம் வருகிறதோ அதற்குத் தக்கபடி கைக்குள்ளேயே கைப்பிடி கொஞ்சம் உருள வேண்டும். எட்டுப் பட்டை இருப்பதே, பார்க்காமலே எந்தப் பட்டையில் கட்டைவிரல் இருக்கிறது என்று தெரிவதற்குத்தான். விரலுக்குப் பள்ளம் வைத்துப் பூட்டிவிட்டால் கை திரும்பாது. மற்ற ஒன்பது பேரும் பள்ளத்துக்குள் விரலை வைத்துவிட்டு அசையாமல் இருந்தார்கள், அதனால்தான் அவர்களுக்குச் சுகமாக இருந்தது. இவ்வளவும் அவர் சொல்லச் சொல்ல மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார். முகம் மட்டும் வாடிப் போயிருந்தது.

நான் ஒன்று கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது நடுவில் கேட்பது என் வழக்கமில்லை. அப்படியென்றால் இடது கையில் மை அவ்வளவு சுத்தமாக விழுந்ததே, அது ஏன் என்று கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார். உங்கள் இடது கைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் அது சும்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் காக் ஏன் கயிற்றைத் தாண்டிப் போனது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் மேசைப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் மேடம் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

"நாலு மாசம்க்கா," என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க மொத நாளே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மதிப்பெண் போட்டேன். ஏன் போட்டேன் என்று அன்றைக்கும் தெரியாது. ஒரே கைப்பிடிக்கு எட்டும் போட்டேன், நாலும் போட்டேன். அதை அவரிடம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெர்லீங்க மேடம். கை பாட்டுக்குச் சொல்லுது. ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொல்லுது."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் என் பெயருக்கு எதிரே எழுதிய ‘இடது கை’ என்பதை அழிக்கவில்லை. பெங்களூர்க்காரர் சொல்வது பாதிதான் சரி என்று அவர் நினைத்தார். இடது கைக்காரியை வலது கைக்குப் பழக்கினால் வலது கை இப்படித்தான் நிலையில்லாமல் அலையும் என்பது அவர் எண்ணம். மோல்டிங் மெஷினில் இருப்பவரோ வேறு ஒன்று சொன்னார். எனக்குக் கொடுத்த நீலப்புள்ளி உறை வார்த்த அச்சின் ஒரு பாதி ஒரு மயிரிழை விலகியிருந்ததாம், அதன் விளிம்புதான் கட்டைவிரலில் தட்டியிருக்கும். மூன்று பேர் சொன்ன காரணமும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

கடைசியில் பேட்டுக்குப் பள்ளம் இல்லாத உறைதான் ஆர்டர் ஆனது. எட்டுப் பட்டையும் கைக்குத் தெரிகிற மாதிரி மெல்லிசாக, நடுவில் லேசாகப் பருத்து, வியர்வை போக ஊசித்துளை வைத்தது. எந்தக் கைக்கும் அது ஒன்றுதான். விரல்பள்ளம் வைத்த அச்சு வீணாகவில்லை. கொஞ்சம் குட்டையாக்கி ஸ்கிப்பிங் கயிற்றின் கைப்பிடிக்கு எடுத்துக்கொண்டார்கள். கயிறு சுற்றும்போது பிடியை மாற்ற வேண்டியதில்லை அல்லவா. அதற்கும் நான்தான் பிசிறு நறுக்கினேன். பிளேடு இப்போது பழையபடி வலது கையில் இருக்கிறது. எப்போது திரும்பப் போனது என்று கவனிக்கவில்லை.

இடையில் ஒருநாள் அம்மா போன் செய்தாள். நன்றாக யோசித்துப் பார்த்தாளாம். துணி கட்டியது எனக்குத்தானாம், அக்காவுக்கு இல்லையாம். அக்காவிடம் அதைச் சொல்லலாம் என்று கூப்பிட்டால், அவள் அதற்குள் வேறு முடிவுக்கு வந்திருந்தாள். மணிக்கட்டில் துணி இறுக்கியது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டதாம். அரித்ததுகூட ஞாபகம் இருக்கிறதாம். இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் பிசிறு, இரண்டு நாள் மேடத்தோடு சோதனை. ஒரே சாமானுக்கு மாற்றி மாற்றி மதிப்பெண் போடுகிறவளை எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டாராம். மேடம் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. போன வாரம் கிரிக்கெட் மட்டைக்கு வளையம் வளையமாக ஒரு உறை செய்து கொண்டுவந்தார். மட்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. மட்டையை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, தோன்றுகிறபடி எடுங்கள் என்றார். எடுத்தேன். இரண்டு மூன்று தடவை வீசினேன். நன்றாகத்தான் இருந்தது, கனம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்றேன். மேடம் என் கைகளைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. சிவப்புப் புள்ளி வைத்த அடுத்த மட்டையை எடுத்தேன்.